கடைசி வீட்டுக் குழாய்

தெருவில் மொத்தம் முப்பத்தொரு வீடு. முப்பது வீட்டின் கதவையும் சாவிக்காரர் தட்டியாயிற்று. நாளைக் காலை ஒன்பது மணியிலிருந்து மெயின் பைப்பைக் கழுவுகிறோம், குழாயில் தண்ணீர் செம்மண் கலரில் வரும், பயப்பட வேண்டாம், வெள்ளைத் துணியை நனைக்காதீர்கள், ஹீட்டரைப் போடாதீர்கள், குடிக்கவும் சமைக்கவும் இன்றைக்கே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முப்பது தடவை ஒப்பித்ததில் நாக்கு வறண்டுபோயிருந்தது. முப்பத்தொன்றாவது வீட்டின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு நோட்டீஸ் பாக்கி. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்துவிட்டார்.

சாவிக்காரர் என்றால் பூட்டுக்குச் சாவி செய்கிறவர் இல்லை. குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கிற வேலை. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். தரைக்கடியில் இருக்கிற வால்வின் தலையில் அதைப் பொருத்தித் திருப்பினால் தண்ணீர் வரும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. எந்த வால்வு முரண்டு பிடிக்கும், எது சொன்ன பேச்சு கேட்கும், எதற்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் பயந்தார் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? இழுத்தடிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசி வீடு நெட்டையின் வீடு. நெட்டை இவரோடு வேலை பார்த்தவன், செத்து மூன்று வருஷமாகிறது. அவன் சாவுக்குக் காரணம் இந்தச் சாவிக்காரர். இது அவரைத் தவிர ஓர் உயிருக்கும் தெரியாது.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். வாரியத்தின் வால்வெல்லாம் வலது பக்கம் திருப்பினால் மூடும், இடது பக்கம் திருப்பினால் திறக்கும். எங்கேயோ நூற்றில் ஒன்று, எந்தக் காலத்திலோ எவனோ கொண்டுவந்து புதைத்தது, நேர்மாறாக இருந்து தொலைக்கும். கடைசி வீட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற பதினேழாம் நம்பர் வால்வு அந்த ஜாதி. பதிவேட்டில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. தெருக்கோடிக்குத் தண்ணீர் அதிக வேகத்தில் போய்விடக் கூடாது என்று எப்போதோ அதைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள், அப்புறம் ஒருவரும் தொடவில்லை. சாவிக்காரரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டார்.

மெயின் பைப் முடிகிற இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு குழி உண்டு. பைப்பின் வாயை மூடியிருந்த தகடு துருப்பிடித்துவிட்டது, கழற்றி வேறு மாட்ட வேண்டும். இறங்குகிறவன் நெட்டை. வால்வை மூடுகிறவர் சாவிக்காரர். மூடியதும் விசில் ஊத வேண்டும், இரண்டு சின்னது, ஒன்று நீளம். அது கேட்கிற வரைக்கும் குழிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். பம்பு அப்போது ஓடவில்லை, பதினொரு மணிக்குத்தான் ஓடும். சாவிக்காரர் வலது பக்கம் பதினொரு சுற்றுச் சுற்றினார். சாவி இடித்து நின்றது. மூடிவிட்டது என்று நினைத்தார், அது முழுசாகத் திறந்துகொண்டிருந்தது. விசிலை எடுத்து ஊதினார். நெட்டை இறங்கினான். தகட்டைக் கழற்றினான். பதினொரு மணிக்குப் பம்பு ஓடியது.

அந்தச் சத்தம் கேட்ட கணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இடது பக்கம் இருபத்திரண்டு சுற்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றினார். தண்ணீர் நின்றபோது குழி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது, எல்லாம் முடிந்திருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி பார்த்தபோது வால்வு மூடியிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதான், விசில் ஊதினீர்களா என்று. சாவிக்காரர் வாயிலிருந்து வந்த பதில் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

“இன்னும் ஊதல சார். அதுக்குள்ள இறங்கிட்டான்.”

அவ்வளவுதான். நெட்டை அவசரக்காரன் ஆனான். இறந்தவரின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் கோப்பை மூடினார்கள்.

அன்றிலிருந்து சாவிக்காரர் விசில் வைத்துக்கொள்வதில்லை. கைபேசியில்தான் எல்லாம். வீட்டில் குழாய் சொட்டினால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும், எழுந்து போய் முறுக்கு முறுக்கென்று முறுக்குவார். குழாயின் கழுத்தையே திருகி உடைத்துவிட்டீர்கள் என்று மனைவி இரண்டு தடவை வாய் வலிக்கத் திட்டியாயிற்று. சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் அவர் உதடு தானாக எண்ண ஆரம்பித்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்திரண்டு வரைக்கும். சாப்பிடும்போதும் எண்ணுவார், பேருந்தில் போகும்போதும் எண்ணுவார். ஏதாவது மந்திரமா என்று ஒருமுறை மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

பதினேழாம் நம்பரை மட்டும் அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. அதில் கை வைக்க அவரால் முடியவில்லை. நெட்டையின் வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் நின்றுபோய், பின்தெருவின் மெலிந்த பைப் ஒன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் சரியில்லை என்று அந்த வீட்டிலிருந்து நாலைந்து புகார் வந்தது. எல்லாம் இவர் கைக்குத்தான் வரும். பழைய பைப் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கழுவல் தொடங்கியது. புதிதாக வந்த இன்ஜினியரம்மா கையில் வரைபடத்தோடு நின்றாள். எதையும் எழுதி வைக்கிற ஆள், எழுதாத எதையும் நம்பாத ஆள். சுற்றுவட்ட வால்வுகளை மூடி, தண்ணீரை ஒரே பைப்புக்குள் விரட்டி, தெரு ஓரத்தில் ஹைட்ரண்ட் என்கிற பெரிய குழாய் வாயைத் திறந்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் பைப்பின் அடியில் படிந்து கிடந்த துருவும் வண்டலும் பிய்த்துக்கொண்டு வந்தன. முதலில் கறுப்பாகக் கொட்டியது. அப்புறம் செங்கல் கலர், அப்புறம் தேநீர் கலர். பின்தெருவிலும் அதே நேரத்தில் இன்னொரு குழு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தெரு முழுக்க ஒரே களேபரம். வீட்டுக்கு வீடு குழாய்கள் இருமின, துப்பின, சுவருக்குள் தடதடவென்று இடித்தன. பதினாறாம் வீட்டுத் தையல்காரம்மா நேற்றுச் சொன்னதற்கெல்லாம் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டு, காலையில் எழுந்ததும் தைத்து வைத்திருந்த எட்டு வெள்ளை நர்ஸ் யூனிஃபார்மையும் மெஷினில் போட்டுவிட்டாள். ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்று நியாயம் கேட்டாள். கலர் நன்றாகத்தானே இருக்கிறது, இனிமேல் இதையே யூனிஃபார்மாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சாவிக்காரர் சொல்லப்போய், எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது.

அது பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து ஓர் இளைஞன் கண்ணாடி டம்ளரில் தண்ணீரை ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று வந்தான். நெட்டையின் மைத்துனன், அவன் மனைவிக்குத் தம்பி. வெளியூரில் இருப்பவன். டம்ளரில் இருந்ததைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது, அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு. எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லவே இல்லையே, சமைக்க ஒரு சொட்டு இல்லை, இது என்ன நியாயம் என்று நேராக இன்ஜினியரம்மாவிடம் கேட்டான். அவள் சாவிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு கையெழுத்து இருக்க வேண்டிய தாளில் முப்பதுதான் இருந்தது. உள்ளே போய்க் குழாயைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி, வண்டியிலிருந்து ஒரு கேன் நல்ல தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள். 

மூன்று வருஷம் கழித்து அந்த வாசல்படியை மிதித்தார். முன்பெல்லாம் வாரத்தில் மூன்று நாள் இங்கேதான் தேநீர். நெட்டையின் மனைவி, நேற்றுத்தான் வந்து போனவரைப் பார்ப்பதுபோல, வாங்கண்ணே என்றாள். பாதி உடம்பாகியிருந்தாள். கூடத்தில் ஒரு பெரிய பை கட்டி வைத்திருந்தது. அதன் மேல் பத்து வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள், நெட்டையின் மகள். அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே போகிற உடுப்பு, காலில் ஷூ. இவரைப் பெரியப்பா பெரியப்பா என்று தோளில் தொங்கின பிள்ளை, இப்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சமையலறைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரோரமாகப் பக்கெட்டும் குடமும் சட்டியுமாகப் பதினைந்து இருபது பாத்திரம் வரிசையாக வைத்திருந்தது. எல்லாவற்றிலும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் துரு ஒவ்வோர் அளவுக்குத் தெளிந்து, அடியில் வட்ட வட்டமாகப் படிந்திருந்தது. இன்றைக்குப் பிடித்தவை இல்லை அவை. அறை முழுக்க இரும்பு வாடை. அந்தக் குழிக்குள்ளும் இதே வாடைதான் இருந்தது. அவர் உதடு எண்ண ஆரம்பித்தது.

தம்பிக்காரன் அவரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். அக்காவுக்கு மனசு சரியில்லை என்றான். தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறாளாம். குழாயில் விசில் சத்தம் கேட்கிறது, வீட்டுக்காரர் வருகிறார் என்கிறாளாம். கேட்டதும் ஜன்னலுக்கு ஓடிக் குழிப் பக்கம் பார்த்துத் திட்டுகிறாளாம், அவசரக்காரா, ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா என்று. பிள்ளை பயந்து போயிருக்கிறது. போன வாரம் அம்மாவைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, மாமாவுக்குப் போன் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறது. சாயங்காலப் பேருந்தில் பிள்ளையை அழைத்துப் போகிறான், பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாயிற்று. அக்காவுக்குச் சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். எப்போது சரியாகும் என்று அவனுக்கே தெரியவில்லை.

நெட்டையின் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.  சாவிக்காரருக்கு நேராக வந்து நின்றாள்.

“அன்னிக்கு நான் இங்கதான் பாத்திரம் தேச்சுட்டு இருந்தேன். ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். நல்லாக் கேட்டேன் அண்ணே. அப்புறம் பார்த்தா நீங்க ஊதவே இல்லன்னு சொல்றாங்க. நீங்க பொய் சொல்ற ஆளா? அப்ப என் காதுலதான் கோளாறு. ஆனா அந்தச் சத்தம் போக மாட்டேங்குது. இப்பவும் வருது, நீங்களே கேளுங்க.”

குழாயைத் திறந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் ஒரு தடவை இருமியது, கொஞ்சம் சிவப்புத் தண்ணீரைத் துப்பியது. சுவருக்குள் எங்கேயோ தூரத்தில் ஏதோ கிளம்பி வருகிற சத்தம். அப்புறம் அது வந்தது. கீச்சென்று சின்னதாக ஒன்று. மறுபடி ஒன்று. ஒரு மூச்சு விடுகிற நேரம் நிசப்தம். பிறகு நீளமாக, இழுத்து, அவர் எப்படி இழுப்பாரோ அப்படியே, கடைசியில் லேசாக மேலே ஏறி நின்றது. விசிலை முடிக்கும்போது அப்படி ஏற்றி நிறுத்துவது சாவிக்காரரின் பழக்கம். வேறு யாரும் அப்படி ஊத மாட்டார்கள்.

 கூடத்தில் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது.

“கேட்டுச்சா அண்ணே?”

அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு. அவர் பிள்ளையைப் பார்த்தார், தம்பிக்காரனைப் பார்த்தார், வரிசையாக நின்ற பாத்திரங்களைப் பார்த்தார்.

“காத்தும்மா. பைப் கழுவுறாங்கல்ல, உள்ள காத்து மாட்டிக்கிட்டா இப்படித்தான் கத்தும்.”

அவர் சொன்னது பொய்யில்லை, காற்றுதான். பின்தெருவின் மெலிந்த பைப்பில் மாட்டிக்கொண்ட காற்று. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். குழாயை மூடிவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள்.

“அண்ணனே சொல்றாருப்பா, அப்புறம் என்ன. பிள்ளைய கூட்டிட்டுப் போ.”

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். அழுதிருந்தால் தேவலாம். இத்தனை நாள் பிள்ளையை விட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவள், இவர் வாய்ப் பேச்சை நம்பி விட்டுக்கொடுத்துவிட்டாள். சாவிக்காரர் கேனை வைத்துவிட்டு வெளியே வந்தார். நடந்து வந்ததே அவருக்கு நினைவில்லை.

தெருக்கோடியில் இன்ஜினியரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். கடைசி ஹைட்ரண்டைத் திறந்தால் தண்ணீர் சீற வேண்டும், இங்கே குழந்தை மூத்திரம் போவதுபோல் ஒழுகிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் பதினேழாம் நம்பர் திறந்திருப்பதாகத்தான் போட்டிருந்தது. அது மூடியிருக்கிறது, அதனால்தான் அந்த வீட்டுக்கு நல்ல தண்ணீர் போகவில்லை என்று இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எத்தனை நாளாகவோ, கொடுமை, யார் மூடினார்களோ என்று முணுமுணுத்தாள். சாவிக்காரர் வால்வுக்கு மேலிருந்த மூடியைத் தூக்கினார். உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சாவியைப் பொருத்தினார்.

 அந்த இரும்பின் சில்லிப்பு அவர் உள்ளங்கைக்குத் தெரிந்த சில்லிப்புதான். வலது பக்கம் திருப்பினார். ஒன்று, இரண்டு. இன்ஜினியரம்மா பதறிப்போய், இடது பக்கம் திருப்புங்கள், மேலும் மூடுகிறீர்களே என்று கத்தினாள். அவர் நிறுத்தவில்லை. ஏழாவது சுற்றில் தரைக்கடியில் ஒரு முனகல் கேட்டது. பத்தாவது சுற்றில் ஹைட்ரண்ட் திணறியது. பிறகு மூன்று வருஷத்துத் துருவும் ஒன்றாக வெளியே பாய்ந்தது. ரத்தம் மாதிரி இருந்தது, வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது சாலையில் பரவி, அந்தப் பழைய குழியின் மூடியைச் சுற்றி ஓடியது. இருபத்திரண்டாவது சுற்றில் சாவி இடித்து நின்றது.

இன்ஜினியரம்மா குறிப்பேட்டைத் திறந்து எதையோ எழுதப் போனவள் பாதியில் நிறுத்தினாள். குழியைப் பார்த்தாள், வால்வைப் பார்த்தாள். விபத்தைப் பற்றிய கோப்பை அவளும் படித்திருந்தாள்.

“இது மாத்தித் திரும்பும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“அன்னிக்குத் தெரியாது.”

“அன்னிக்கு எந்தப் பக்கம் திருப்புனீங்க?”

தெரியாது, மறந்துவிட்டது, பழைய கதை, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் ஒன்றும் போலீஸ் இல்லை. சாவிக்காரர் சாவியைத் தரையில் கிடத்திவிட்டு நிமிர்ந்தார். வலது பக்கம் என்றார். விசிலும் ஊதினேன் என்றார்.  இன்ஜினியரம்மா குறிப்பேட்டை மூடினாள். பிறகு, எழுதி வாங்கத்தான் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

அவர் போனபோது நெட்டையின் மனைவி குழாயடியில்தான் நின்றாள். தண்ணீர் பாத்திரத்தின் அடியை அறைகிற வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, நிறமும் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மூன்று வருஷத்தில் அந்த வீடு அப்படித் தண்ணீர் கண்டதில்லை. அவள் முகத்தில் அதற்கான சந்தோஷம் துளிகூட இல்லை.

“சத்தம் நின்னு போச்சு அண்ணே. வெறும் தண்ணிதான் வருது. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் மூணு வருஷமா...”

“இல்லம்மா. அன்னிக்கு நான் ஊதினேன்.”

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் இன்னும் உரக்கச் சொன்னார். வால்வை மாற்றித் திருப்பியது நான், திறந்து வைத்துவிட்டு மூடிவிட்டேன் என்று ஊதியது நான், ஊதவே இல்லை என்று பொய் சொன்னதும் நான். உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று வருஷமாக உன் வீட்டுக்குத் தண்ணீர் வராமல் செய்ததும் நான்தான். ஒவ்வொன்றாகச் சொன்னார். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு.

தம்பிக்காரன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான். நீயெல்லாம் மனுஷனா என்று உலுக்கினான். சாவிக்காரர் கையைக் கீழே தொங்கவிட்டபடி நின்றார், அடித்தால் வாங்கிக்கொள்வதற்கு. விடு தம்பி என்று அவள் சொன்னாள். அவன் விடவில்லை. அவளே வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. இவருக்குச் சாபம் கொடுக்கப்போகிறாள் என்று தம்பிக்காரன் நினைத்தான். சாவிக்காரரும் அப்படித்தான் நினைத்தார், கொடுக்கட்டும் என்றும் நினைத்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நான்தான் அந்த விசில கேட்டேனே. அவகிட்ட சொல்லுங்க.”

குட்டி பையின் மேலிருந்து எழுந்து நின்றிருந்தாள். சாவிக்காரர் கூடத்துக்கு வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். விசாரணை அதிகாரிக்கு முன்னால் நின்றபோது இவ்வளவு பயமாக இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் வலது என்றும் இடது என்றும் வால்வு என்றும் எப்படிச் சொல்வது? தெரிந்த மட்டும் சொன்னார். பிள்ளை இமைக்காமல் கேட்டது. அவர் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

“அப்ப அப்பா நின்னாரா?”

“நின்னாரு கண்ணு. கையக் கட்டிக்கிட்டு மேலயே நின்னாரு. நான் ஊதின பிறகுதான் இறங்கினாரு. உங்கப்பா அவசரப்படவே இல்ல.”

பிள்ளை தாயைத் திரும்பிப் பார்த்தது. உதடு கோணியது. உன்னைப் பைத்தியம் என்று சொன்னேனே அம்மா என்று சொல்ல வந்து, பாதிக்குமேல் சொல்ல முடியாமல் போய்த் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதது. சொன்னால் சொல்லிவிட்டுப் போடி என்று அவள் அதன் தலையைத் தடவினாள். தம்பிக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். சமையலறையில் குழாய் யாரும் மூடாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

சாவிக்காரர் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார். தான் இனி அங்கே இருக்கத் தகுதியில்லை என்று நினைத்தார். வெளியே இன்ஜினியரம்மா காகிதத்தோடு காத்திருப்பது தெரிந்தது. அவர் படியில் கால் வைக்கும்போது நெட்டையின் மனைவி கூப்பிட்டாள். அண்ணே என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

“போகாதீங்க. அவ திரும்பக் கேப்பா. நீங்க திரும்பச் சொல்லணும்.”

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை கேட்டது. சாயங்காலப் பேருந்து போன பிறகும், இருட்டுகிற வரைக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து எதிரில் நின்று, அப்பா நிஜமாகவே நின்றாரா என்று அதே கேள்வியைத்தான் கேட்டது. ஆமாம், நின்றார் என்று ஒவ்வொரு தடவையும் சாவிக்காரர் சொன்னார்.